இரண்டு மணிப் பசி

தெய்வசிகாமணிக்கு இரவு இரண்டு மணிக்குப் பசிக்கும். அரை மணி முன்னே பின்னே ஆகலாம், பசிக்காமல் மட்டும் போகாது. எழுந்து, விளக்கைப் போடாமல், சுவரைத் தடவிக்கொண்டே சமையலறைக்குப் போவார். முதலில் வெல்ல டப்பா. நின்றபடியே ஒரு கட்டியை வாயில் போட்டு, அது கரையும்வரை அலமாரியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அப்புறம் முறுக்கு, கடலை மிட்டாய், மிச்சமிருந்தால் இரண்டு வாழைப்பழம். முறுக்கு அவர் பல்லில் உடைபடும் சத்தம் படுக்கையறை வரைக்கும் கேட்கும். அந்தச் சத்தத்தில்தான் அவர் மனைவி வசந்தாமணி தினமும் விழித்துக்கொள்வாள்.

"எலி வந்திருக்குதா, மனுசன் வந்திருக்குதா?" என்று படுத்தபடியே கேட்பாள்.

"எலிதான். நீ தூங்கு," என்பார் வாயில் முறுக்கோடு.

சங்ககிரியில் இதைக் கேட்டு யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். அது லாரி ஊர். முப்பத்திரண்டு வருடம் நாக்பூருக்கும் கான்பூருக்கும் வண்டி ஓட்டிய மனிதர் ராத்திரி எதையாவது மெல்லாமல் இருந்தால்தான் அதிசயம். வாய் அசைந்துகொண்டிருந்தால் கண் செருகாது என்பது டிரைவர்களின் நம்பிக்கை. வண்டியை விற்றுவிட்டு வீட்டோடு வந்தபிறகு அந்தப் பழக்கம் மூன்று வருடம் காணாமல் போயிருந்தது. அப்புறம் எங்கிருந்தோ திரும்பி வந்து ஒட்டிக்கொண்டது. மனுசன் வீட்டுக்கு வந்தும் அவர் வயிறு இன்னும் நாக்பூர் ரோட்டிலேதான் ஓடுகிறது என்று வசந்தாமணி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். சொல்லிச் சொல்லி அவளே அதை நம்பிவிட்டாள்.

அவர்கள் வீட்டில் வெளியே சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. சிகாமணிக்குச் சர்க்கரை. மூன்று வருடத்துக்கு முன்னால் தெரியவந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே எழுதும் ஒவ்வொரு சீட்டும் குடும்பத்தின் உடல்நல ஏட்டில் ஏறிவிடும். பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்துக்கு முன்னால் அந்த ஏட்டைத்தான் கேட்கிறார்கள். வசந்தாமணியின் தங்கை மகளுக்கு நிச்சயம்வரை வந்த சம்பந்தம், தகப்பனுக்குச் சர்க்கரை என்று ஏட்டில் இருந்ததால் கலைந்துபோனது. தன் ஒரே மகள் தாரணிக்கு அப்படி ஆகவிடுவதில்லை என்று வசந்தாமணி அன்றே முடிவுசெய்துவிட்டாள்.

ஆகவே டாக்டர் கிடையாது, சீட்டு கிடையாது. சிகாமணியிடம் கிளீனராக இருந்த தனபால் இப்போது திருச்செங்கோட்டில் மருந்துக்கடை வைத்திருக்கிறான். அவன் மருந்தின் பெயர் அச்சிட்ட காகிதத்தைக் கிழித்துவிட்டு மாத்திரைகளைக் காக்கிக் கவரில் போட்டு, ரப்பர் பேண்டு சுற்றிக் கொடுப்பான். கவர் சமையலறையில் மஞ்சள்தூள் டப்பாவுக்குப் பின்னால் இருக்கும். இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று போதும் என்று தனபால் சொல்லியிருந்தான். இரண்டாவது மாத்திரை வசந்தாமணியின் யோசனை.

"ராத்திரியில வெல்லமும் வாழப்பழமுமாத் தின்னா சர்க்கரை ஏறாதுங்களா மாமா? சேத்து ஒண்ணு போட்டுக்குங்க," என்றாள். அவர் போட்டுக்கொண்டார். இரண்டு மணிப் பசி முன்னைவிட மூர்க்கமாக வந்தது. இந்த மனிதருக்கு வாயைக் கட்டவே தெரியாது என்று அவள் அலுத்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் ஊருக்குள் இரவுத்தாழ் பரவியது. அரிசிமணி அளவில் ஒரு பொருள். காதுக்குக் கீழே, வயிற்றுக்கும் மூளைக்கும் நடுவே ஓடுகிற நரம்பின்மேல் ஊசியால் வைத்துவிடுவார்கள். இரவு ஒன்பது மணிக்குத் தாழ் விழும், காலை ஐந்தரைக்குத் தானே திறக்கும். நடுவில் பசி என்ற பேச்சே இல்லை. பைபாஸ் ஓரத்துப் பரோட்டாக் கடைகள் ஒவ்வொன்றாக மூடின. கல்யாண வரவேற்பில் எட்டரைக்கே பந்தி முடிந்தது. ஒன்பது மணிக்குமேல் வாய் அசைக்கிறவனைக் குடிகாரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். வரன் தேடும் செயலியில் 'தாழிட்ட குடும்பம்' என்று பச்சை முத்திரை ஒன்று வந்தது. அந்த முத்திரை இல்லாத வீட்டுப் பெண்ணுக்குப் பொறியியல் படிப்பும் தங்கமும் இருந்தும், செயலியில் அவள் பக்கத்தை யாரும் நின்று பார்க்கவில்லை.

பெருந்துறையிலிருந்து வந்த சம்பந்தம் எல்லா வகையிலும் பொருந்தியது. மாப்பிள்ளை மிதுன், தையல் இயந்திரம் செய்யும் கம்பெனியில் வேலை. அமைதியான பையன். தகப்பன் இல்லை. தாய் பரிமளா காபியை வாங்கிக்கொண்டு மெல்லக் கேட்டாள்.

"உங்க வீட்ல தாழ் போட்டாச்சுங்களா அம்மிணி?"

"நானும் தாரணியும் போன வருசமே போட்டுட்டமுங்க. அவருக்கு மட்டும் இந்த மாசம்," என்றாள் வசந்தாமணி, யோசிக்காமல்.

சிகாமணி ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாரணி பெங்களூரிலிருந்து அன்றைக்கு மட்டும் வந்திருந்தாள். மிதுனைப் பார்த்து அவள் சிரித்ததை வசந்தாமணி கவனித்தாள். மகள் அப்படிச் சிரித்துப் பல காலம் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்புக்காக அவள் எதையும் செய்திருப்பாள். செய்யவும் செய்தாள்.

சேலத்தில் தாழ் வைக்கும் இடம் துணிக்கடை மாதிரி வெளிச்சமாக இருந்தது. ஜெசிந்தா என்கிற பெண் அவர்களை உட்காரவைத்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரே விஷயத்தை நாளைக்கு நாற்பது பேரிடம் சொல்கிற களைப்பு குரலில் இருந்தாலும், பொறுமையாகத்தான் சொன்னாள்.

"பசிங்கறது உடம்பு போடற கூப்பாடுங்கய்யா. பகல்ல போடறது தேவைக்கு. ராத்திரியில போடறது பெரும்பாலும் பழக்கத்துக்கு. தாழ் அந்தக் கூப்பாட்ட நடுவழியில நிறுத்திடும். அதோட வர்ற படபடப்பு, நடுக்கம், முழிப்பு எல்லாத்தையும் சேத்து அமுக்கிடும். நீங்க பாட்டுக்குத் தூங்கலாம்."

"நெசமாலுமே பசிச்சா?" என்றார் சிகாமணி.

"அதுக்குத்தான் சாவிக்காரர் இருக்காங்க. கூப்பாடு ரொம்பப் பலமா இருந்தா அம்மா போனுக்கு, திறக்கவான்னு ஒரு கேள்வி வரும். அம்மா தொறந்து விட்டா நீங்க எந்திரிச்சு சாப்பிடலாம். மூணு தடவ வேண்டாம்னு சொல்லிட்டா, இது பழக்கப் பசிதான்னு தாழ் கத்துக்கும். அப்புறம் கேக்காது. அதுவே சமாளிச்சுக்கும். சாவிக்காரர் மாறினா மட்டும் மறுபடி முதல்ல இருந்து கேக்கும்."

"சாவி பொண்டாட்டிகிட்டயா?" என்றார் சிகாமணி. "வண்டிச் சாவியக்கூட நான் குடுத்ததில்லீங்க."

ஜெசிந்தா சிரித்துக்கொண்டே விண்ணப்பப் பாரத்தை எடுத்தாள். வயது, எடை, குடிப் பழக்கம் எல்லாம் கேட்டாள். பிறகு தலை நிமிராமல், "சர்க்கரை இருக்குங்களா? மாத்திரை, ஊசி ஏதாவது?" என்றாள்.

சிகாமணி மனைவியின் முகத்தைப் பார்த்தார். பாரமும் ஏட்டில்தான் ஏறும் என்பது இருவருக்கும் தெரியும்.

"இல்லீங்க," என்றாள் வசந்தாமணி.

விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். "தொண்ணூத்தாறு. சின்னப் பையனாட்டம் இருக்குதுங்கய்யா," என்றாள் ஜெசிந்தா. மாத்திரையின் தயவில் வந்த எண் அது என்று அவளுக்குத் தெரிய வழியில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் சிகாமணி மனைவியின் காதருகே குனிந்து, "ரெண்டு மாத்திரை எப்படி வேலை செய்யுது பாத்தியா?" என்றார். இருவரும் பரீட்சையில் தேறிய பிள்ளைகள்போல ஊர் வந்து சேர்ந்தார்கள்.

முதல் இரவு இரண்டு பதினாலுக்கு வசந்தாமணியின் தலையணைக்கடியில் போன் அதிர்ந்தது. திரையில் ஒரே ஒரு வார்த்தை, 'திறக்கவா?' பக்கத்தில் சிகாமணி கண் மூடியபடி புரண்டுகொண்டிருந்தார். அவள் 'வேண்டாம்' என்பதைத் தொட்டாள். கொஞ்ச நேரத்தில் அவர் அடங்கினார். இரண்டாம் இரவும் அப்படித்தான். மூன்றாம் இரவு அவர் தூக்கத்திலேயே அவள் மணிக்கட்டைப் பிடித்தார். உள்ளங்கை ஈரமாக இருந்தது. அவள் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு மறுபடி 'வேண்டாம்' என்றாள். திரையில் புதிதாக ஒரு வரி வந்தது: 'நன்றி. இனி உங்கள் தூக்கத்தைக் கெடுக்க மாட்டோம்.'

சொன்னபடியே அது கெடுக்கவில்லை. முறுக்குச் சத்தம் இல்லாமல், எறும்பு மொய்க்காத சமையலறையோடு, அவள் விடியும்வரை தூங்கினாள். ஒரு மாதத்தில் சிகாமணி நாலு கிலோ இறங்கினார். நிச்சயதார்த்தத்தில் பட்டுவேட்டி கட்டி நின்றபோது பரிமளாவே, "சம்பந்தி பத்து வயசு கொறஞ்சு தெரியறாரு," என்றாள். வசந்தாமணிக்குப் பெருமை தாங்கவில்லை.

காலையில் மட்டும் அவர் ஒரு மாதிரி இருந்தார். தலையணை நனைந்திருக்கும். தலை வலிக்கிறது என்பார். எழுந்த கொஞ்ச நேரத்துக்குப் பேச்சு குழறும். ஒருநாள் அவளைத் தனபால் என்று நினைத்து, "டேய், கல்ல வையிடா, வண்டி உருளுது," என்று அதட்டினார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். காபியில் சர்க்கரை போட்டுக் குடித்ததும் தெளிந்து, அவரும் சேர்ந்து சிரித்தார். அன்று மட்டும் எதற்கோ சர்க்கரை போட்டிருந்தாள். அது நல்லதாகப் போயிற்று என்பதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

நிச்சயம் முடிந்த நாலாம் நாள், கல்யாணப் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவர் கேட்டார்.

"வசந்தா, இத ஒரு ராத்திரிக்குத் தொறந்து விடறயா?"

"பசிக்குதுங்களா?"

"பசியே இல்ல. அதுதான் என்னமோ மாதிரி இருக்குது. ஆரோ கதவத் தட்டற மாதிரி இருக்குது. எந்திரிச்சுப் பாக்கலாம்னா உடம்பு எந்திரிக்க மாட்டேங்குது."

அவளுக்கு ஒரு நிமிடம் பயம் தட்டியது. டாக்டரிடம் போகலாமா என்று நினைத்தாள். போனால் ரத்தம் எடுப்பார்கள், மாத்திரை கேட்பார்கள், எல்லாம் ஏட்டில் ஏறும். கல்யாணத்துக்கு இருபத்தெட்டு நாள்தான் இருந்தது. ஒரு இரவு திறந்துவிட்டால் அதுவும் எங்கேயாவது பதிவாகிப் பச்சை முத்திரை போய்விடுமோ என்று வேறு சந்தேகம்.

"கல்யாணம் வரைக்கும் பொறுத்துக்குங்க மாமா. அன்னிக்கு நானே தொறந்து விடறேன். பந்தியில உக்காந்து ஆசை தீரத் தின்னுங்க."

"சரி. நம்ம தாரணிக்காகத்தான," என்றார். விரலில் மஞ்சளைத் தொட்டு அவள் கன்னத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த பத்திரிகையை எடுத்தார்.

தாழ் வைத்த நாற்பத்திரண்டாம் நாள் காலை, அவர் எழுந்திருக்கவில்லை. சட்டை முழுக்க ஈரம். முகத்தில் வலியில்லை, நல்ல தூக்கத்தில் இருப்பவர் போலத்தான் இருந்தார். உள்ளூர் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார். அறுபத்திரண்டு வயசு, டிரைவர் உடம்பு, வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை அவருக்கு. தாரணி பெங்களூரிலிருந்து வந்து தகப்பன் காலடியில் உட்கார்ந்து, "ராத்திரி ஒரு வார்த்த கூப்பிட்டிருக்கலாமேப்பா," என்று அழுதாள்.

பரிமளா வந்து வசந்தாமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தேதிய மாத்த வேண்டாம் அம்மிணி. கருமாதி முடிஞ்சு குறிச்ச நாள்லயே சின்னதாப் பண்ணிப்போடலாம். எங்களுக்குப் பொண்ணுதான் வேணும்," என்றாள். நல்ல மனுஷி. வசந்தாமணி தலையாட்டினாள்.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஜெசிந்தா வீடு தேடி வந்தாள். தாரணி சேலை எடுக்கக் கடைக்குப் போயிருந்தாள். சாவிக்காரரிடம் கையெழுத்து வாங்கிக் கணக்கை மூட வேண்டும், அதுதான் முறை என்றாள். கையெழுத்து வாங்கிய பிறகும் எழுந்திருக்கவில்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. ஐயாவுக்குச் சர்க்கரை இருந்துச்சுங்களா?"

"இல்லீன்னுதான் எழுதிக் குடுத்தமே."

ஜெசிந்தா தன் கையிலிருந்த திரைப் பலகையைத் திருப்பிக் காட்டினாள். வரிசையாகக் கோடுகள். "பழக்கப் பசி இப்படி இருக்காதுங்கம்மா. அது பத்து நாள்ல ஓஞ்சுபோயிடும். இது ஒவ்வொரு ராத்திரியும் ரெண்டு மணிக்கு வந்திருக்குது. ஒவ்வொரு ராத்திரியும் முன்னதவிடப் பலமா. மாத்திரையால சர்க்கரை ஒரேயடியா எறங்கினா உடம்பு இப்படித்தான் கத்தும். ஒரு துண்டு வெல்லம் வாயில போட்டாப் போதும், அடங்கிடும். கடைசி ராத்திரி ஒண்ணு அம்பதுல இருந்து மூணு இருபது வரைக்கும் பதினேழு தடவ கூப்பிட்டிருக்குது."

"அப்புறம்?"

"அப்புறம் கூப்பிடலீங்கம்மா."

வசந்தாமணி கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினேழும் அவளுக்கு ஓரடி தூரத்தில் நடந்திருக்கிறது. வெல்ல டப்பாவும் அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்ற உருவமும் நினைவுக்கு வந்தன. பழக்கம் காணாமல் போய்த் திரும்பி வந்ததும், மாத்திரை வீட்டுக்குள் வந்ததும் ஒரே மாதம் என்பது இப்போதுதான் புரிந்தது. அந்த மனிதர் தின்னவில்லை. ஒவ்வொரு இரவும் தன் உயிரைத் தானே பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவள் அதை எலி என்றாள்.

"எனக்கு இது அஞ்சாவது வீடு," என்றாள் ஜெசிந்தா. "அஞ்சு பாரத்துலயும் சர்க்கரை இல்லைன்னுதான் இருக்குது. அதனால எங்க ஆபீஸ்ல எல்லாத்தையும் மாரடைப்புன்னு மூடிட்டாங்க. நான் சொன்னா ஆரும் கேக்கறதில்ல. ஒரே ஒரு குடும்பம் சர்க்கரை உண்டுன்னு எழுதிக் குடுத்தாலும், மாத்திரை சாப்பிடறவங்களுக்கு ராத்திரியில தாழ் தானாத் தொறக்கற மாதிரி மாத்தச் சொல்லி நான் நிக்க முடியும். இன்னும் எத்தன பேரு மறைச்சு வெச்சிருக்காங்களோ தெரியல."

வாசலில் பந்தல்காரர்கள் மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். எழுதிக் கொடுத்தால் அன்று சாயங்காலமே அது ஏட்டில் ஏறும், பெருந்துறையில் பார்ப்பார்கள்.

"அவருக்குச் சர்க்கரை இல்லீங்க," என்றாள் வசந்தாமணி.

ஜெசிந்தா அவளை ஒரு கணம் பார்த்தாள். கோபமில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. பலகையைப் பைக்குள் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். "என் நம்பர் உங்ககிட்ட இருக்குதுங்கம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

கல்யாணம் குறித்த முகூர்த்தத்தில் நடந்தது. பந்தியில் சிகாமணிக்கென்று யாரும் இலை போடவில்லை. வசந்தாமணி முறுக்கு வைத்திருந்த தட்டுப் பக்கம் போகாமல் நடமாடினாள்.

சாயங்காலம் பெண்ணை அழைத்துக்கொண்டு பெருந்துறைக்கு வந்தார்கள். அங்கே ஒரு புதுச் சடங்கு இருந்தது. ஒன்றிரண்டு வருடத்துக்குள் கிளம்பி, ஏதோ தலைமுறை தலைமுறையாக இருப்பதுபோல ஊன்றிவிட்ட சடங்கு. பையனின் தாழுக்கு அதுவரை தாய்தான் சாவிக்காரி. கல்யாண நாள் இரவு அவள் அந்தச் சாவியை மருமகள் போனுக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். தாம்பாளத்தில் இரண்டு போனையும் வைத்துக் குங்குமம் இட்டு, சுமங்கலிகள் சுற்றி உட்கார்ந்து செய்வார்கள்; சாவி கொடுக்கும் தாய்க்கு மட்டும் அதில் விலக்கு. வசந்தாமணி அதனால் கூடத்துக்குள் போகவில்லை. சமையலறையில் பால் காய்ச்சுகிறேன் என்று ஒதுங்கிக்கொண்டாள்.

ஒன்பது மணி ஆகியிருந்தது. பாலில் போட மஞ்சள்தூள் தேடி அலமாரியைத் திறந்தாள். டப்பாவை நகர்த்தியதும் அதற்குப் பின்னால் ஒரு காக்கிக் கவர். மேலே பெயர் எதுவும் இல்லை, ரப்பர் பேண்டு மட்டும். உள்ளே பார்க்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் பார்த்தாள். அதே மாத்திரை.

பின்னால் பரிமளா வந்து நின்றாள். சாவியைக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள், கையில் இன்னும் குங்குமம்.

"உங்களுக்குங்களா?" என்றாள் வசந்தாமணி.

"மிதுனுக்கு. மூணு வருசமா," என்றாள் பரிமளா, குரலை இறக்கி. "உங்ககிட்டச் சொல்லியிருந்தா பொண்ணு குடுத்திருப்பீங்களா அம்மிணி?"

வசந்தாமணி கவரைப் பழைய இடத்திலேயே வைத்தாள்.

"தாழ் இந்த ஒரு மாசமாத்தான் இருக்குது. ராத்திரி என்ற போனுக்குக் கேக்கும். ஒரு நாள்கூட எனக்கு வேண்டாம்னு போட மனசு வரல. தொறந்து விட்டுடுவேன், அவன் எந்திரிச்சு எதையாவது தின்னுட்டுப் படுத்துக்குவான். வெளிய ஆருக்கும் தெரியாது. இனி உங்க பொண்ணு பாடு."

ஒரு தாய் ஒரு நாள்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. வசந்தாமணி அலமாரியைப் பிடித்துக்கொண்டாள்.

"மாப்பிள்ள இன்னிக்கு மாத்திரை போட்டாருங்களா?"

"பொழுதோட போட்டான். காலையில இருந்து விரதம். பந்தியிலயும் சரியாச் சாப்பிடல, ஒரே கூட்டம்."

கூடத்தில் யாரோ கை தட்டினார்கள். சிரிப்பு எழுந்தது. தாரணியின் குரல் கேட்டது. "என்ற போன்ல என்னமோ கேக்குதுங்க. திறக்கவான்னு."

"அதுக்குள்ள கேட்டுருச்சா?" இது மிதுனின் தாய்மாமன், கூடத்தின் நடுவில் கால் மடித்து உட்கார்ந்திருந்த கனத்த மனிதர். "நல்ல சகுனம். மொதக் கேள்விக்கு வேண்டாம்னு போடு சாமி, எல்லாரும் பாக்கறாங்க. ஒம்பது மணிக்கு மேல இந்த வீட்ல வாய் அசையாதுன்னு காட்டு."

பத்துப் பன்னிரண்டு பேர் படம் பிடிக்கப் போனை உயர்த்தியிருந்தார்கள். சமையலறை வாசலில் பரிமளா சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் வாய் திறக்கவில்லை. திறக்க மாட்டாள் என்று வசந்தாமணிக்குத் தெரியும். ஐந்து நாளைக்கு முன் தானும் அப்படித்தான் நின்றாள்.

மிதுன் சிரித்தபடியே உட்கார்ந்திருந்தான். விசிறி சுற்றிக்கொண்டிருந்தும் மேலுதட்டில் வியர்வை துளிர்த்திருந்தது. பட்டுச்சட்டையின் கழுத்துப்பட்டை நனைந்து ஒட்டியிருந்தது. கண் பாதி செருகியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாரணிக்கு அது கல்யாணக் களைப்பாகத்தான் தெரிந்திருக்கும். அவள் விரல் திரைக்கு நேராகப் போனது.

வசந்தாமணி கூடத்துக்குள் வந்தாள். சுமங்கலிகள் இரண்டு பேர் நகர்ந்து வழிவிட்டார்கள், முகத்தைச் சுளித்தபடி.

"தாரணி, தொறந்து விடு சாமி."

"என்னங்கம்மா இது, மொத நாள்லயே?" என்றார் தாய்மாமன்.

"மாப்பிள்ளைக்குச் சர்க்கரை இருக்குது. மாத்திரை போட்டிருக்கறாரு. இது பழக்கப் பசி இல்லீங்க." கூடத்திலிருந்த எல்லோரையும் பார்த்துச் சொன்னாள். "என்ற வீட்டுக்காரருக்கும் இருந்துச்சு. மறைச்சுத்தான் இந்தக் கல்யாணத்தப் பண்ணினேன்."

கூடத்தில் உயர்ந்திருந்த போன்கள் அப்படியே நின்றன. பரிமளா சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, அப்பாவுக்கு மாரடைப்புத்தான," என்றாள் தாரணி.

"இல்ல சாமி. இதே மாதிரி என்ற போன்ல கேட்டுச்சு. நான் வேண்டாம்னு போட்டேன்."

தாரணி தாயைப் பார்த்தாள். சின்ன வயதில் அவள் எதையாவது நம்பாதபோது பார்க்கிற பார்வை அது.

"எத்தன தடவம்மா?"

"மூணு தடவ. அதுக்கப்புறம் அது என்னயக் கேக்கல."

தாரணி கண்ணை எடுக்காமலே திரையைத் தொட்டாள். கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு மிதுன் விழித்துக்கொண்டவன்போல நிமிர்ந்து, நடுங்கும் கையால் சீர்த் தட்டிலிருந்து ஒரு லட்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டான். யாரையும் பார்க்காமல் இன்னொன்று எடுத்தான். அப்புறம் முறுக்கு. அவன் பல்லில் அது உடைபடும் சத்தத்தைத் தவிர அந்தக் கூடத்தில் வேறு சத்தமில்லை. தாரணி தட்டை அவன் பக்கமாக நகர்த்தி வைத்தாள். தாயின் பக்கம் திரும்பவில்லை. வசந்தாமணி அந்தச் சத்தம் ஓயும்வரை அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.